நான் தோண்டிய குழி

ஹர்யூலா
4 ஜூன் 1967

சைமாவுக்கு,

நடந்த தவறை முதலில் சொல்லிவிடுகிறேன். மேட்டுக் காட்டில் 1929ஆம் வருஷம் நான் தோண்டிய குழிக்கு உன் பெயரை வைத்துவிட்டார்கள். நீயும் சம்மதித்திருக்கிறாய்.

நலம் விசாரிப்பதெல்லாம் பிறகு.

வியாழக்கிழமை காபித்தூள் வாங்க மார்த்தாவின் கடைக்குப் போனேன். செய்தித்தாளில் வந்த உன் படத்தை வெட்டி, காபி அரைக்கும் இயந்திரத்துக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறாள். இனி நான் காபி குடிக்க வேண்டுமென்றால் உன் முகத்தைப் பார்த்துத்தான் ஆக வேண்டும். "என்ன ஈவாரிண்ணே, தங்கச்சிக்குக் காட்டுல பலகை வைக்கிறாங்களாமே! ஊருக்கே பெருமை. நீங்க ஏன் கெட்டுப்போன மீனைக் கடிச்ச மாதிரி நிக்கிறீங்க?" என்று கேட்டாள். பலகையில் என்ன எழுதப் போகிறார்கள் என்பதையும் அவளே படித்துக் காட்டினாள். "இந்த மண் அடுக்குகளை 1929இல் முதன்முதலில் தோண்டி, ஆராய்ந்து, உலகுக்குச் சொன்னவர் முனைவர் சைமா லெபிஸ்தோ."

ஆராய்ந்தாய், சரி. உலகுக்குச் சொன்னாய், அதுவும் சரி. தோண்டியது யார்? நீ அந்தக் குழியில் ஒரு கால்கூட வைத்ததில்லை. மேலே வெண்பாசியின்மீது செய்தித்தாளை விரித்து, நகரத்துச் செருப்போடு உட்கார்ந்திருந்தாய். நான் கீழே கழுத்தளவு ஆழத்தில் நின்று, சாம்பல் நிற மணல் ஒரு தீப்பெட்டி, துருச் சிவப்பு மணல் ஒரு தீப்பெட்டி, அதற்கும் அடியில் இருக்கிற வெறும் மஞ்சள் மணல் ஒரு தீப்பெட்டி என்று நிரப்பி மேலே நீட்டினேன். நீ வாங்கிக்கொண்டாய். உன் பங்கு அவ்வளவுதான். வாங்கிக்கொண்டது.

அதற்கு முன்னாலும் அப்படித்தான். நம் இருவருக்கும் படிப்பு வருகிறது என்று பள்ளி ஆசிரியர் வீட்டுக்கே வந்து சொன்னார். "ஏர் பிடிக்கிற கை வீட்டுல இருக்கட்டும்" என்று அப்பா சொல்லிவிட்டார். எனக்குப் பதினைந்து வயது, உனக்குப் பதினொன்று. உன் கை சிறியது என்பதால் நீ முனைவர் ஆனாய். என்னுடையது பெரியதாக இருந்ததால் நான் குழி தோண்டினேன். இதுவரை நூற்று நாற்பத்து மூன்று குழிகள். எல்லாம் பஞ்சாங்கத்தின் ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறேன்: தேதி, மேலே என்ன செடி, சாம்பல் எத்தனை விரல், துரு எத்தனை விரல்.

நீ செய்ய வேண்டியது இரண்டு. ஊராட்சிக்கு எழுதிப் பலகையை மாற்றச் சொல். என் தீப்பெட்டிகளைத் திருப்பி அனுப்பு. அறுபத்தொன்று. எண்ணி வைத்திருக்கிறேன்.

உன் அண்ணன்
ஈவாரி

பின்குறிப்பு: உருளைக்கிழங்கு நட்டாயிற்று. உன் முழங்கால் எப்படி இருக்கிறது?


ஹெல்சின்கி
12 ஜூன் 1967

அன்புள்ள அண்ணனுக்கு,

சைமா அன்போடு எழுதிக்கொள்வது. முழங்கால் வலதுதான் மோசம். நான்காவது மாடி ஏறி இறங்குவதற்குள் மூன்று முறை நின்று, சுவரில் ஒட்டியிருக்கிற அறிவிப்புகளையெல்லாம் படித்துவிடுகிறேன். இந்தக் கட்டடத்தில் யாருடைய பூனை காணாமல்போனாலும் எனக்குத்தான் முதலில் தெரியும்.

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன், கோபித்துக்கொள்ளாதே. ஒரு பலகைக்கு இவ்வளவா? அந்த வாசகத்தை எழுதியது ஊராட்சி. அவர்கள் என் புத்தகத்தைத்தான் நினைத்துக்கொண்டு எழுதியிருக்கிறார்கள். புத்தகத்தின் முன்னுரையில் உன் உதவியைக் குறிப்பிட்டிருக்கிறேன் அல்லவா? முப்பத்துமூன்று வருஷமாக அது அச்சில் இருக்கிறது.

தீப்பெட்டிகள் ஆய்வுக்கூடத்து அலமாரியில் எண் ஒட்டி வைக்கப்பட்டுள்ளன. நினைத்தபோது எடுத்து அனுப்ப அவை என் சொந்தப் பொருள் அல்ல.

ஆகஸ்ட் 19ஆம் தேதி சனிக்கிழமை நான்கு நாடுகளிலிருந்து மண் ஆராய்ச்சியாளர்கள் வருகிறார்கள். நம் மேட்டைப் பார்ப்பதற்கென்றே வருகிறார்கள், அண்ணா! பனிப்பாளம் பின்வாங்கும்போது கொட்டிவிட்டுப்போன மணல் மேடுகள் எத்தனையோ இருந்தாலும், அடுக்குகள் இத்தனை தெளிவாகப் பிரிந்து நிற்பது ஹர்யூலாவில்தான் என்று நான் அவர்களிடம் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அடுத்த வருஷம் எனக்கு ஓய்வு. இதுதான் நான் கடைசியாகக் காட்டப்போவது. லெம்பி அண்ணி உயிரோடு இருந்தபோது தைத்துக்கொடுத்த அந்தக் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து என் பக்கத்தில் நில். காபியும் ஏலக்காய் ரொட்டியும் உண்டு. உன்னை எல்லாரிடமும் அறிமுகப்படுத்துகிறேன்.

உன் அன்புத் தங்கை
சைமா


ஹர்யூலா
20 ஜூன் 1967

சைமாவுக்கு,

நூலகத்துக்குப் போய் உன் முன்னுரையை மறுபடியும் படித்தேன். "உள்ளூர் உதவியாளர் ஒருவரின் துணையுடன்." இவ்வளவுதான். அந்த உள்ளூர் உதவியாளருக்குப் பெயர் இல்லை. அதே முன்னுரையில் உனக்கு மிதிவண்டி இரவல் கொடுத்த பாதிரியாருக்குப் பெயர் இருக்கிறது.

நீ புத்தகத்தில் எழுதியதை நான் என் பாஷையில் சொல்கிறேன், கேள். எங்கள் மேட்டில் எவ்வளவு மழை பெய்தாலும் மேலே நிற்காது. உறிஞ்சி இறங்கிவிடும். இறங்குகிற தண்ணீர் மேல் மணலில் இருக்கிற இரும்பையும் கறுப்புச் சாற்றையும் கழுவி எடுத்துக்கொண்டு போய்க் கீழே சேர்த்துவிடும். அதனால் மேல் மணல் வெளிறிச் சாம்பலாகிறது. கீழ் மணல் நிறமெல்லாம் வாங்கிக்கொண்டு சிவக்கிறது. நான் மேல் மணல். நீ கீழ் மணல். என்மீது பெய்ததெல்லாம் உன்னிடம் போய்ச் சேர்ந்தது. உன்னைத் தோண்டிப் பார்க்கிறவன் ஆகா என்ன நிறம் என்கிறான். என்னைப் பார்த்து, அடுப்புச் சாம்பலா என்று கேட்கிறான்.

இது மிகை என்று நீ நினைத்தால் நேற்று நடந்ததைக் கேள். ஊராட்சியின் வனத்துறை ஆள் ரய்மோ, மீசை வைத்திருப்பானே அவன், பலகைக்கான கம்பங்களோடு மேட்டுக்கு வந்திருந்தான். நான் அந்தப் பக்கம் போனேன்.

"பெரியவரே, நல்ல நேரத்துல வந்தீங்க. இந்தக் கம்பத்தைக் கொஞ்சம் பிடிங்க, நேரா நிக்குதான்னு பாக்கறேன்" என்றான்.

"தம்பி, இங்க நட்டா நிக்காது. வெறும் மணல். நாலடி தள்ளிப் போ, அங்க சரளைக்கல்லு இருக்கு."

"இல்லீங்க, டாக்டரம்மா புஸ்தகத்துல இந்த இடத்துல மண்ணு கெட்டின்னு போட்டிருக்கு."

"அந்த டாக்டரம்மாவுக்கு இந்த மண்ணைப்பத்திச் சொன்னதே நான்தான்யா."

"அப்படியா? அப்ப நீங்கதான் அவங்களுக்கு டிரைவரா இருந்தீங்களா?"

நான் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன், சைமா. உன் பெயரைத் தாங்கப்போகிற கம்பத்தை. அவன் நட்ட இடத்தில் இன்று காலையே அது சாய்ந்துவிட்டது. நான் சொல்லப் போகவில்லை.

ஈவாரி


ஹெல்சின்கி
1 ஜூலை 1967

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதத்தை இரண்டு நாள் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். இந்த முறை சிரிப்பு வரவில்லை.

குழியில் நான் கால் வைக்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். வைக்க விட்டாயா? செய்தித்தாள் விரித்து உட்கார்ந்தது செருப்புக்காகவா? நான் மூன்று முறை இறங்கப் பார்த்தேன். "ஏய், எறங்காத. மணலு சரிஞ்சா உன்னைத் தோண்டி எடுக்க எனக்கு நேரமில்ல" என்று கத்தினாய். நாலாவது முறை ஏணியையே மேலே இழுத்துப் போட்டுவிட்டாய். அதற்குப்பிறகு நான் இந்த நாடு முழுவதும் நானூறு குழிகளில் இறங்கியிருக்கிறேன். சதுப்பில், களியில், எல்லையோரத்துக் காட்டில். இறங்காதது ஹர்யூலாவில் மட்டும்தான். நான் எந்த மண்ணைப்பற்றிப் புத்தகம் எழுதினேனோ அதை மேலேயிருந்து எட்டிப் பார்த்துத்தான் எழுதினேன். கேட்டால் என் மாணவர்கள் நம்பமாட்டார்கள். நானும் யாரிடமும் சொன்னதில்லை.

உனக்கு எதுவுமே கிடைக்கவில்லை என்கிற மாதிரி எழுதுகிறாய். வீடு உனக்கு. காடு உனக்கு. லெம்பி மாதிரி ஒரு மனைவி உனக்கு. அப்பாவின் கடைசிப் பன்னிரண்டு வருஷம் முழுவதும் உனக்கு. எனக்கு வந்த அப்பாவின் கடிதங்களைப் படித்திருக்கிறாயா? "ஈவாரி இன்று ஒரு புதுக் குழி தோண்டினான்." "ஈவாரி சொல்கிறான், நீலப்பழச் செடி இருக்கிற இடத்தில் மணலோடு நுண்மண்ணும் கலந்திருக்குமாம்." ஒரு கடிதத்தில்கூட "நீ என்ன செய்கிறாய்" என்று அவர் கேட்டதில்லை.

பலகையை வெண்கலத்தில் வார்த்துவிட்டார்கள். இனி மாற்ற முடியாது. மாற்றச் சொல்லவும் நான் தயாராக இல்லை. ஒரு முறையாவது என் பெயர் ஹர்யூலாவில் இருக்கட்டும்.

19ஆம் தேதி வா. வராவிட்டாலும் வருத்தப்படமாட்டேன் என்று பொய் சொல்லமாட்டேன்.

சைமா


ஹர்யூலா
11 ஜூலை 1967

சைமாவுக்கு,

வெண்கலப் பலகை உன்னுடையதாகவே இருக்கட்டும். குழி என்னுடையது. என் கையால் தோண்டியதை என்ன செய்வது என்று எனக்குத் தெரியும்.

இனி எழுத எதுவும் இல்லை. கறுப்புக் கோட்டைப் பூச்சி அரித்துவிட்டது.

ஈவாரி


ஹெல்சின்கி
22 ஜூலை 1967

அன்புள்ள அண்ணனுக்கு,

உனக்கு எழுத எதுவும் இல்லை என்றாலும் எனக்கு இருக்கிறது.

ரய்மோவிடமிருந்து கடிதம் வந்தது. குழியின் தெற்குச் சுவர் முழுவதும் இடிந்து உள்ளே விழுந்துவிட்டதாம். சாம்பல் அடுக்கும் துரு அடுக்கும் கலந்து ஒரே குவியலாகக் கிடக்கிறதாம். போன வாரம் பெய்த கனமழையினால் ஏற்பட்ட சேதம் என்று எழுதி, வருத்தமும் தெரிவித்திருக்கிறார்.

விருந்தினர்கள் வர நான்கு வாரம்தான் இருக்கிறது. இரண்டு பேர் கப்பலில் ஏறியே இருப்பார்கள். மற்ற மூன்று சுவர்களும் மரம் சரிந்து, வேர் புரட்டிப்போட்டுப் பல காலம் முன்பே கெட்டுப்போனவை என்பது உனக்கே தெரியும். தெற்குச் சுவர்தான் சுத்தமானது. பத்தாயிரம் வருஷத்தில் யாரும் தொடாதது அது ஒன்றுதான்.

நீ போய்ப் பார்த்தாயா? மழைதானா? கொஞ்சம் உள்ளே தள்ளி வெட்டினால் புதிதாக ஒரு நல்ல முகம் கிடைக்குமா? இதை நான் வேறு யாரிடமும் கேட்க முடியாது.

சைமா


ஹர்யூலா
27 ஜூலை 1967

சைமாவுக்கு,

மழைதான். இந்த வருஷம் மழை மிகவும் அதிகம். வைக்கோல் காயவில்லை என்று எல்லாரும் புலம்புகிறார்கள்.

உள்ளே தள்ளி வெட்டுவது முடியாது. பின்னால் பெரிய பைன் மரத்தின் வேர் இருக்கிறது. எனக்கும் முதுகுவலி.

சனிக்கிழமை சாயங்காலம் நான் வீட்டில்தான் இருந்தேன். சவுனா அறையில் அடுப்பு மூட்டி, ஐந்து மணியிலிருந்து ஏழரை வரைக்கும் நீராவியில் வியர்க்க வியர்க்கக் குளித்துக்கொண்டிருந்தேன். புகையை ஊரே பார்த்திருக்கும்.

சிவப்புப் பழம் இந்த வருஷம் நன்றாகக் காய்த்திருக்கிறது. பழுக்க இன்னும் ஒரு மாதம் ஆகும்.

ஈவாரி


ஹெல்சின்கி
3 ஆகஸ்ட் 1967

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் என் கடிதத்தில் சனிக்கிழமை என்று எங்கேயும் எழுதவில்லை.

மழை பெய்தது வியாழக்கிழமை. அதுவும் எந்த மண்ணில்? குடம் குடமாக ஊற்றினாலும் அரை மணியில் காய்ந்துவிடுகிற மண்ணில். "இந்தச் சுவரு மழைக்கு விழாது, முட்டாள் விழுந்தாத்தான் விழும்" என்று எனக்குச் சொன்னது யார்? முப்பத்தெட்டு வருஷம் நின்றது இந்த ஜூலையில் விழுந்ததாம்.

மார்த்தாவைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். ஒன்றும் கேட்காமலே கொட்டினாள். "அந்தச் சனிக்கிழமை உங்கண்ணன் வீட்டுச் சவுனால புகை வந்துச்சும்மா. ஆனா ஆளத்தான் காணோம். எப்பவும் குளிச்சிட்டு வெந்த நண்டு மாதிரி செவந்துபோய்ப் படியில வந்து உக்காந்திருப்பாரு. அன்னிக்கு எட்டு மணிக்குக் காட்டுப் பக்கமிருந்து வந்தாரு. குளிச்ச முகமே இல்ல. முழங்கால் வரைக்கும் சாம்பல் பூசின மாதிரி இருந்துச்சு."

அதுவும் போதாது என்று, குவியலின் மேலிருந்து ஒரு கட்டி எடுத்து அனுப்பும்படி ரய்மோவிடம் கேட்டேன். ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்து அனுப்பினார். இறுகிப்போன துரு மண் கட்டி. ஒரு பக்கம் தட்டையாக வெட்டுப்பட்டிருக்கிறது. அந்த வெட்டில், மேலிருந்து கீழாக, ஒரு மெல்லிய வரி புடைத்து நிற்கிறது. 1931இல் கல்லில் பட்டு உன் மண்வெட்டியின் நுனியில் ஒரு சில்லு பெயர்ந்தது. அதற்குப்பிறகு நீ வெட்டிய ஒவ்வொரு சுவரிலும் இந்த வரி இருக்கும். உன் கையெழுத்தை நான் மறந்தாலும் இதை மறக்கமாட்டேன்.

அண்ணா, உன்னைத் திட்டுவதற்காக மூன்று தாள் எழுதிக் கிழித்துவிட்டேன். காரணம், என் பக்கமும் ஒன்று இருக்கிறது.

ஏப்ரலில் ஊராட்சி எனக்குப் பலகையின் வாசகத்தை அனுப்பி, "குழி தோண்டியவர் வேறு யாராவது இருந்தால் பெயர் சொல்லவும்" என்று கேட்டது. பதில் எழுத ஒரு வரி விட்டிருந்தார்கள். அந்த வரியை நான் காலியாக விட்டேன். மறந்து அல்ல. பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, காலியாக விட்டேன். 1934இல் புத்தகத்தின் முன்னுரையிலும் இதையேதான் செய்தேன்.

ஏன் என்று சொல்கிறேன். 1924இல் நான் பல்கலைக்கழகத்துக்குப் புறப்பட்டபோது அப்பா ரயில் நிலையம் வரை வந்தார். வண்டி நகரும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். ஏதோ ஆசீர்வாதம் சொல்லப் போகிறார் என்று குனிந்தேன். "சைமா, ஞாபகம் வச்சுக்க. நீ எடுத்துட்டுப் போறது ஈவாரியோட கண்ணு" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. நீ எனக்கு அனுப்பிய ஒவ்வொரு தீப்பெட்டியைத் திறக்கும்போதும் அது காதில் விழும். நான் கண்டுபிடித்தது என்று ஒன்றாவது இருக்கட்டும் என்று உன் பெயரை விட்டேன். பொறாமைதான். அறுபத்திரண்டு வயதில் இதை எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதிவிட்டேன்.

ஆனால் ஒன்று சொல்கிறேன், கோபமாகவே சொல்கிறேன். நான் விட்டது ஒரு பெயர். நாளைக்கே எழுதிச் சேர்க்கலாம். நீ வெட்டிச் சாய்த்ததை யார் சேர்ப்பது? வேறு ஒருவன் செய்திருந்தால் அறியாமை என்பேன். உனக்குத் தெரியும், அண்ணா. உன்னைவிட அதிகமாக அது யாருக்கும் தெரியாது.

தீப்பெட்டிகளை ஆய்வுக்கூடத்திலிருந்து கேட்டு வாங்கிவிட்டேன். செவ்வாய்க்கிழமை ரயிலில் வரும். நாங்கள் ஒட்டிய சீட்டுகளுக்கு அடியில் உன் பென்சில் எழுத்து அப்படியே இருக்கிறது.

விருந்தினர்களிடம் குழி இல்லை என்று சொல்லிவிடுகிறேன். உன் மண்வெட்டியைப்பற்றிச் சொல்லமாட்டேன். மழை என்றே சொல்கிறேன். மண் ஆராய்ச்சியாளர்கள் ஆயிற்றே, ஒருவரும் நம்பமாட்டார்கள். பரவாயில்லை.

சைமா


ஹர்யூலா
9 ஆகஸ்ட் 1967

சைமாவுக்கு,

நான்தான் செய்தேன். அடுப்பை மூட்டிவிட்டு, புகை நன்றாக எழுந்ததும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனேன். எல்லாரும் அவரவர் சவுனாவில் இருக்கிற நேரம். காட்டில் ஒரு ஆள் இல்லை.

முதல் வெட்டு சுலபமாக இருந்தது. இரண்டாவது வெட்டில் சாம்பல் அடுக்கு மாவு மாதிரி சொரிந்து என் காலணியை மூடியது. நாலு விரல் அகலம். அதை எத்தனை தடவை அளந்திருப்பேன். அப்போதே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. உன் படம் ஒட்டிய காபி இயந்திரத்தை நினைத்துக்கொண்டு முழுவதையும் வெட்டினேன். பிறகு குவியலின்மேல் உட்கார்ந்து, சாம்பலை ஒரு பக்கமும் துருவை ஒரு பக்கமும் கையால் பிரிக்கப் பார்த்தேன். பைத்தியக்காரன் மாதிரி. ஒரு தொப்பி அளவுகூடத் தேறவில்லை.

மன்னிப்பு என்ற சொல்லை நான் எழுதப்போவதில்லை. அந்த அடுக்கு மறுபடியும் உருவாகப் பத்தாயிரம் வருஷம் ஆகும். அதற்குள் எப்போதாவது மனம் வந்தால் எழுதுகிறேன்.

அப்பா ரயில் நிலையத்தில் அப்படிச் சொன்னது எனக்குத் தெரியாது. என்னிடம் அவர் ஒரு முறையும் அப்படிச் சொன்னதில்லை. உன்னை வழியனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்து அன்று என்னிடம் சொன்னது வேறு. "வேலிக் கதவு கிறீச்சுன்னு கத்துது, எண்ணெய் விடு" என்றார். எனக்குச் சொல்ல வேண்டியதை அவர் உன்னிடம் சொல்லியிருக்கிறார். நீயும் நாற்பத்துமூன்று வருஷம் அதைத் தராமல் வைத்திருந்தாய். இதற்காகவும் உன்மீது எனக்குக் கோபம்.

இப்போது நானும் தராமல் வைத்திருந்த ஒன்றைச் சொல்கிறேன். என் நிலத்தின் வடக்கு ஓரத்தில், பனிப்பாளம் விட்டுப்போன அந்த யானை மாதிரிப் பாறைக்குப் பின்னால், இன்னொரு குழி இருக்கிறது. 1935இல், உன் புத்தகம் வந்த மறு வருஷம் தோண்டினேன். பஞ்சாங்கத்தில்கூட எழுதவில்லை. பலகை போட்டு மூடி, மேலே பாசி பரப்பி வைத்திருக்கிறேன். மூன்று சுவருக்குப் பைன் பலகை முட்டுக் கொடுத்திருக்கிறேன். நாலாவது சுவர் திறந்தது. சாம்பல் அடுக்கு அங்கே ஏழு விரல். எப்போதோ மட்கிப்போன ஒரு வேரின் வழியாக அது நாக்கு மாதிரி ஒரு முழம் கீழே இறங்கியிருக்கிறது. அந்த நாக்கைச் சுற்றித் துரு அடுக்கு உதடு மாதிரிச் சிவந்திருக்கும். உன் புத்தகத்தில் இருக்கிற எந்தப் படமும் அதற்கு ஈடாகாது. நீ பார்க்கக்கூடாது என்பதற்காகவே அதை வைத்திருந்தேன். லெம்பிக்கு மட்டும் தெரியும். "வாரத்துல ஒருநாள் மூடியத் தொறந்து தொறந்து பாக்கறியே, அங்க என்ன பொம்பளையா ஒளிச்சு வச்சிருக்க? என்னைக்காவது என்னை அப்படிப் பாத்திருக்கியா?" என்பாள். பாவம், ஒரு குழிமேல் பொறாமைப்பட வேண்டியிருந்தது அவளுக்கு.

19ஆம் தேதி அதைக் காட்டலாம். அதற்கு நடக்க வேண்டியவை கீழே. இதில் ஒன்று குறைந்தாலும் மூடியைத் திறக்கமாட்டேன்.

பழைய குழி: நான். நிரப்பி மூடுவேன். மேலே ஒரு கல்லில் "மண்வெட்டியால் கெட்டது, 15 ஜூலை 1967, ஈ. லெ." என்று கொத்தி வைப்பேன். மழை என்று நீ யாரிடமும் சொல்லக்கூடாது. இருநூறு வருஷம் கழித்து எவனாவது அங்கே தோண்டினால் கலைந்த மண்ணைப் பார்த்துத் தப்பாகப் படித்துவிடுவான். எனக்கு அவமானம் வரட்டும். மண்ணைப்பற்றிப் பொய் வேண்டாம்.

வெண்கலப் பலகை: ரய்மோ. கழற்றிக் கொண்டுபோய் ஊராட்சி அலுவலகத்தில் எங்கு வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளட்டும். புதுக் குழிக்கு மரப்பலகை போதும். "தோண்டியவர் ஈவாரி லெபிஸ்தோ. எழுதியவர் சைமா லெபிஸ்தோ." என் பெயர் மேலே. நான் மூத்தவன். கம்பத்தை இந்த முறை அவனே பிடிக்கட்டும். எங்கே நடுவது என்று நான் சொல்கிறேன்.

ஊராட்சிக்குக் கடிதம்: நீ. ஏப்ரலில் காலியாக விட்ட வரியை நிரப்பி அனுப்பு. நகல் எனக்கு ஒன்று.

காபி, ரொட்டி: மார்த்தா. உன் படத்தை இயந்திரத்திலிருந்து எடுக்கச் சொல்லவில்லை. கொஞ்சம் தள்ளி ஒட்டச் சொல்லியிருக்கிறேன், மூக்கின்மேல் காபித்தூள் படிகிறது.

தீப்பெட்டிகள்: செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தன. அறுபதுதான் இருக்கின்றன. எது இல்லை என்று பார்த்தேன். முதன்முதலில் அனுப்பியது. அதை நீயே வைத்துக்கொள்.

கறுப்புக் கோட்டு: நான். பூச்சி அரிக்கவில்லை.

காலணி: நகரத்துச் செருப்போடு வராதே. லெம்பியுடைய ரப்பர் காலணி உனக்குப் பொருந்தும். துடைத்து வாசலில் வைத்திருக்கிறேன்.

ஏணி: பதினோரு படி. பழையதில் இரண்டு படி உளுத்துப்போயிருந்தது, உன் முழங்காலுக்காகப் புதிதாகச் செய்துவிட்டேன். வெளிநாட்டுக்காரர்கள் வருவதற்கு முந்தின நாளே நீ வந்துவிட வேண்டும். முதலில் இறங்குவது நீ. நான் மேலே நின்று ஏணியைப் பிடித்துக்கொள்கிறேன். வரும்போது மூன்று காலித் தீப்பெட்டி கொண்டுவா. நீ கீழேயிருந்து நிரப்பி நீட்டு. நான் வாங்கிக்கொள்கிறேன்.

உன் அண்ணன்
ஈவாரி